தீராப் பிணியுற்ற குழந்தைகளும் வையாவிருத்தியமும்



சென்ற இரு இதழ்களில், இல்லறத்தார்க்குரிய நால்வகைத் தானங்களுள் உணவளித்தலையும் நூலளித்தலையும் பற்றிச் சிந்தித்தோம். முறைப்படி இவ்விதழில் ஔஷத தானம் பற்றிய பாடம் இடம்பெற வேண்டும். மருந்து வாங்கித் தருதல், மருத்துவ முகாம் நடத்துதல், மருத்துவமனைக்குப் பொருளுதவி செய்தல் ஆகியன ஔஷத தானம் என்பதை நம் சமூகத்தார்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. 1975இல் ஜெய்ப்பூரில் தொடங்கப்பெற்ற பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி, காலிழந்தோர் இலட்சக்கணக்கானோர்க்குச் செயற்கைக் கால் அளித்து நடக்க வைத்திருப்பதை அறியாதார் இலர். ஆனால், மருந்தால் தீராத நோய் ஒன்று வந்துவிடின், அங்கே ஔஷத தானத்திற்கு இடமுண்டா? அந்நோய் வந்தது ஒரு குழந்தைக்காயின் என் செய்வது? இவ்வினாவை நாம் நூலிலிருந்து எடுக்கவில்லை. பண்ருட்டியை அடுத்த ஒரு சிற்றூரில் எதிர்கொண்டோம்.

அது பலாப்பழக் காலம். நாம் சென்ற வீட்டின் திண்ணையில் தாயார் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டையின் எண்ணெய் பட்டுத் தோல் வெந்துபோகாதிருக்க இரு கைகளிலும் சாம்பல் பூசியிருந்தார். உள்ளே பாயில் அவருடைய மகன், ஒன்பது வயதுச் சிறுவன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். இரத்தப் புற்றுநோய். தொலைவிலுள்ள ஒரு மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் சிகிச்சை பெற்று, ஒருமுறை நோய் அடங்கி, மீண்டும் தலைதூக்கிவிட்டது. “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் மாத்திரை ஒரு பட்டை கொடுத்திருந்தார்கள். அவ்வளவே. எலும்பு வலியால் அச்சிறுவன் இரவெல்லாம் முனகினான். பகலில், யாரேனும் காலைத் தொட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் கண்ணை மூடிக் கிடந்தான். ஆறாம் வகுப்புப் படித்த அக்காள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவர்கள் நம் சமயத்தினர் அல்லர். அது இங்குப் பொருட்டன்று.

அவ்வீட்டிலிருந்து திரும்பும் வழியில்தான் திருவதிகை. கெடிலக் கரையிலுள்ள அவ்வூரின் பெயரைக் கேட்டால் தமிழ்ச் சமணர்க்கு ஒரு நெருடல் உண்டு. இன்றைய கடலூரின் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரே பண்டைய பாடலி. கி.பி. 458இல் சர்வநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் பிராகிருத நூலை எழுதி முடித்த இடம் அது என்று போற்றுகிறோம். அதே பாடலியின் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவர் சூலைநோயுற்று, அங்கிருந்தோரின் மருத்துவம் பலிக்காமல் போகவே, திருவதிகையிலிருந்த தமக்கையாரிடம் இரவோடு இரவாக வந்து சேர்ந்தார் எனச் சைவர்தம் பெரியபுராணம் கூறும். அவ்வரலாற்றை அவர்கள் சொல்லும் வண்ணமே நாம் ஏற்பதில்லை. ஆயினும் அதனை ஒரு நோயாளியின் கதையாக மட்டும் படித்துப் பார்த்தால் நெஞ்சில் தைக்கும் இடம் ஒன்று உண்டு. மருந்து பலிக்காமை எந்த மருத்துவர்க்கும் நேர்வதே, அது பிழையன்று. மருந்து பலிக்காதபோது மருத்துவம் செய்தோர் கைவிட்டு நீங்கினர் என்று அந்நூல் சொல்கிறதே, அக்குற்றச்சாட்டுத்தான் கடுமையானது. மாற்றார் நம்மீது சுமத்தும் பழிகளுள் இஃது ஒன்றையேனும் இனிமேல் பொய்யாக்குவது நம் கையில் உள்ளது என்றே அன்று நினைத்துக்கொண்டு பேருந்து ஏறினோம்.

நோய் நீக்கலும் துன்பம் நீக்கலும்

நோயை நீக்குதல் வேறு. நோயாளியின் துன்பத்தை நீக்குதல் வேறு. முன்னது இயலாமற் போகலாம். பின்னது ஏறத்தாழ எப்பொழுதும், ஓரளவேனும் இயலும். இவ்வேறுபாட்டின் மீது எழுந்த மருத்துவப் பிரிவே பாலியேட்டிவ் கேர் எனப்படுவது. தமிழக அரசின் சுகாதாரத் துறையினர் இதனை நோய் ஆதரவுச் சிகிச்சை என்று வழங்குகின்றனர். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதற்கு வித்திட்டவர். அவர் முதலில் செவிலியர், பின்பு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன்பின் மருத்துவர். உடல்வலியும் மனவலியும் பொருட்கவலையும் ஆன்மக் கலக்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, ஒன்றை விட்டு ஒன்றைத் தணிக்க இயலாது என்பது அவருடைய கொள்கை.

குழந்தைகட்கெனத் தனியாக எழுந்த முதற் காப்பகம் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் 1982இல் திறக்கப்பெற்ற ஹெலன் இல்லம். அதன் தோற்றம் கேட்கத்தக்கது. மூளைக் கட்டிக்கு அறுவை செய்யப்பெற்றபின் எழுந்து நடமாட இயலாது போன ஹெலன் என்னும் சிறுமியைப் பெற்றோர் வீட்டிலேயே வைத்துப் பேணி வந்தனர். பிரான்சஸ் டொமினிக்கா என்னும் கிறித்தவத் துறவினி அவர்களுக்கு நண்பரானார். இடையிடையே சில நாட்கள் அச்சிறுமியைத் தம் இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, பெற்றோர் சற்று உறங்கவும் பிற கடமைகளைப் பார்க்கவும் உதவினார். இவ்வுதவி மற்றக் குடும்பங்கட்கும் கிட்டவேண்டும் என்றெழுந்ததே அவ்வில்லம். ஆகவே, அதன் தொடக்கத்தில் நின்றது புதிய மருந்தோ கருவியோ அன்று. களைத்துப்போன ஒரு தாய்க்கும் தந்தைக்கும் கிடைத்த சில இரவுகளின் உறக்கம்.

‘தீராப் பிணி’ என்றவுடன் புற்றுநோய் ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. அஃது அரைகுறையான எண்ணம். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் பெரும்பான்மை தீரக்கூடியது. காலந் தாழ்த்தாமல் உரிய இடத்திற்குச் சென்று, இடையில் நிறுத்தாமல் சிகிச்சை பெற்றால் குணமடைவோரே மிகுதி. இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சையைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதனை முதலில் சொல்கிறோம். சிகிச்சை பலிக்காத சிலர் ஒரு வகை. தசைகள் படிப்படியாகத் தளர்ந்து, பன்னிரண்டு வயதளவில் நடை இழந்து, பின் மூச்சும் இதயமும் தளரும் டூஷன் வகைத் தசைநலிவு நோயுற்ற சிறுவர்கள் மற்றொரு வகை. இவர்களுடன் ஆண்டுக்கணக்கில் வாழவேண்டியிருக்கும். பிறவியிலேயே உடலின் வேதிமாற்றம் கெட்டு நாளுக்கு நாள் நலியும் குழந்தைகள் உண்டு. கடுமையான மூளை முடக்குவாதத்தால் விழுங்கவும் மூச்சுவிடவும் இடர்ப்பட்டு, ஒவ்வொரு மழைக்காலத்தையும் உயிர்ப்போராட்டமாகக் கடப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் ஆதரவுச் சிகிச்சை தேவை. அது கடைசி வாரத்திற்குரியது அன்று. நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்தே, மற்றச் சிகிச்சையோடு சேர்ந்தே தொடங்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 1998லேயே வரையறுத்துள்ளது. குடும்பத்தார்க்கு அளிக்கும் துணையும் அவ்வரையறைக்குள் அடங்கும்.

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 25 இலட்சம் குழந்தைகள் கடுந்துன்பத்துடன் இறக்கின்றனர். அவருள் 98 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் வளரும் நாடுகளின் குழந்தைகள். நோய் எங்கும் உண்டு. வலியோடு இறப்பது மட்டும் ஏழை நாடுகளுக்கென ஒதுக்கப்பட்டது போலும்!

வலியும் மருந்தும்

குழந்தைக்கு வலி குறைவு, மறந்துவிடும் என்று பெரியோர் சொல்வதுண்டு. இது முற்றிலும் தவறு. பேசத் தெரியாமையால் அதன் வலி நமக்குத் தெரியாமற் போகிறது, அவ்வளவே. கடும் வலியில் நெடுநாள் கிடந்த குழந்தை அழுவதில்லை. விளையாட்டை விட்டு, முகத்தை மூடிக்கொண்டு, அசையாமல் கிடக்கும். அதைக் கண்டு ‘சாதுவாகப் படுத்திருக்கிறான்’ என்பர். நாம் கண்ட சிறுவனும் அப்படித்தான் கிடந்தான். சிரிக்கும் முகம் தொடங்கி அழும் முகம் ஈறாக ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டி, ‘உன் வலி இதில் எந்த முகம்?’ என்று கேட்கும் எளிய முறை உலகெங்கும் வழக்கில் உள்ளது. ஐந்து வயதுக் குழந்தையும் விரலால் தொட்டுக் காட்டிவிடும்.

குழந்தைகளின் நெடுநாள் வலிக்கு இரண்டு படிகளே போதும் என்று 2012இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. சிறு வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை. அதனை மிஞ்சிய வலிக்கு மார்ஃபின். வாய்வழியாகவே கொடுக்கலாம். வலி வந்தபின் ஓடாமல், வருமுன்னரே மணி தவறாது, குழந்தையின் எடைக்கேற்ற அளவில் கொடுத்தல் வேண்டும். அளவை மருத்துவரே வரையறுப்பார். மலச்சிக்கல் உண்டாகுமாதலால் அதற்கும் உடன் மருந்து தருவர். மூச்சுத் திணறலையும் இது தணிக்கும்.

மார்ஃபின் என்றதும், ‘அபினியா? குழந்தைக்கா? பழக்கமாகிவிடாதா?’ என்று திகைப்பார்கள். கள், கஞ்சா, அபினி முதலிய மயக்கப் பொருள்களை விலக்கியே பழகிய நம் இல்லங்களில் இத்திகைப்பு இன்னும் மிகுதி. இன்பத்திற்காக உண்பதும் வலிக்காக மருத்துவர் தரும் அளவில் உண்பதும் ஒன்றல்ல. உரிய அளவில் வலிக்குக் கொடுக்கப்படும் மார்ஃபினால் அக்குழந்தை போதைக்கு அடிமையாவதில்லை; உயிர் விரைந்து போவதுமில்லை. உறங்கும், விழிக்கும், பேசும், விளையாடவும் கூடும். இதில் ஒரு விந்தையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜைனர் பலர் வாழும் நீமச், மந்த்சௌர் பகுதிகளில் அரசின் உரிமம் பெற்று அபினிச் செடி பயிராகிறது. உலகின் மருந்துத் தேவைக்கு அபினி ஏற்றுமதி செய்துவந்த நம் நாட்டிலேயே, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த கெடுபிடிகளுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. மருத்துவர் சிலரின் நெடுமுயற்சியால் 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் எளிதில் பெறுமாறு வழி செய்யப்பட்டது. ஆயினும் சட்டம் மாறிய விரைவில் அச்சம் மாறவில்லை.

‘வினைப்பயன்’ என்னும் சொல்

இனி நம் சமூகத்திற்குரிய ஒரு பேச்சு. நோயுற்ற குழந்தையின் வீட்டிற்குச் செல்வோர், ஆறுதல் கூறுவதாக எண்ணி, “அசாதா வேதநீய கருமத்தின் உதயம், அனுபவித்தே தீர வேண்டும்” என்கிறார்கள். சித்தாந்தப்படி வினைக் கொள்கையை மறுப்பார் நம்முள் இலர். ஆனால் அச்சொல் யாரிடம், எப்போது, எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா? தன் வினையைத் தானே ஆராய்ந்து ஒருவன் அமைதி கொள்வது ஞானம். பிறர் குழந்தையின் வலியைக் கண்டு, இது அதன் வினை என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவது வேறு. வினை பயன் தருதற்குப் பொருள், இடம், காலம், பாவம் என்னும் நிமித்தங்கள் வேண்டும் என்பதும் அதே சித்தாந்தம்தான். மருந்தும் ஒரு நிமித்தமே. அருகில் வந்து அமரும் மனிதனும் நிமித்தமே. எல்லாம் அனுபவித்தே தீர வேண்டும் என்று வாளா இருப்பது அறமாயின், ஔஷத தானம் என ஒன்றை ஆசாரியர்கள் ஏன் விதிக்கவேண்டும்?

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் நற்காட்சியின் எட்டு அங்கங்களைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாந்தரைச் சான்று காட்டுகிறார். மூன்றாம் அங்கமாகிய நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மைக்குச் சான்று உத்தாயன மன்னன். தேவன் ஒருவன் தொழுநோயுற்ற முனிவராக உருவெடுத்து வந்து, அரண்மனையில் ஆகாரம் ஏற்று, உண்டதை மன்னன் மீதும் அரசி மீதும் கக்கினான். மன்னன் முகஞ்சுளிக்கவில்லை, தான் அளித்த உணவுதான் ஒவ்வவில்லையோ எனத் தன்னையே நொந்துகொண்டு முனிவரைக் கழுவித் துடைத்தான். பாடசாலையில் பல தடவை சொல்லிக் கொடுத்த கதைதான். மன்னன் அந்நோயைத் தீர்த்தானா என்று எந்த மாணவனும் கேட்டதில்லை, நாமும் நினைத்ததில்லை. அவன் தீர்க்கவில்லை, தீர்க்க முயன்றதாகவும் கதையில் இல்லை. தொட்டான், துடைத்தான், விலகவில்லை. அகத் தவங்கள் ஆறனுள் வையாவிருத்தியம் என்று எண்ணப்படுவது இத்தகைய பணிவிடையே. நூலில் அது முதன்மையாகத் துறவியர்க்குச் செய்வதாகவே கூறப்பட்டுள்ளது என்று சிலர் நுணுகி வாதிடக்கூடும். மெய்தான். ஆனால் துறவியர்க்கு மட்டும் பயன்படுத்திவிட்டுப் பின் உறைக்குள் வைப்பதற்கு அருவருப்பின்மை ஒரு வாள் அன்று.

சல்லேகனை பற்றி ஒரு விளக்கம்

எழுதத் தயங்கிய பகுதி இது. ஆயினும் இதனை விட்டுச் செல்வது நேர்மை அன்று. 2025 மார்ச்சு மாதத்தில் மத்தியப் பிரதேசத்தில், மூளைக் கட்டி நோய் முற்றிய மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சந்தாரா விரதம் அளிக்கப்பட்டது. சிறிது நேரத்தில் அவள் உயிர் பிரிந்தது. செய்தி நாடெங்கும் பரவிக் கண்டனத்திற்குள்ளாயிற்று. அம்மாநில உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுக்கப்பட்டது. முன்னரே 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தீர்ப்பளித்ததையும், அம்மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததையும் அன்பர்கள் மறந்திரார்.

அச்சிறுமியின் பெற்றோரைப் பழிக்க நாம் எழுதவில்லை. குழந்தையை இழந்தோரின் முன் நாவடக்கமே முறை. கோட்பாட்டை மட்டும் பேசுவோம். சல்லேகனை என்பது, தவிர்க்க இயலாத இடையூறு, வறட்சி, மூப்பு, தீராநோய் வந்துற்றபோது, ஒருவர் தம் அறிவுடன் தாமே உறுதிகொண்டு, பகை நீக்கி, பிழை பொறுத்து, ஆசானின் அனுமதியுடன் மேற்கொள்ளும் நோன்பு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 57 நாள் நோன்பிருந்து உடல் நீத்ததாகக் கல்வெட்டுக் கூறும் சந்திரநந்தி ஆசாரியர் வாழ்நாளெல்லாம் தவம் பயின்ற முனிவர். விரதம் ஏற்கும் தகுதியே எட்டு வயதிற்குப் பின்புதான் என்பது நம் மரபு. விரதத்தின் பொருளறியாத மூன்று வயதுக் குழந்தை அதனை எங்ஙனம் ஏற்கும்? பிறர் ஏற்பித்தால் அது விரதமாவது எங்ஙனம்? குழந்தைக்குச் சல்லேகனை இல்லை என்பதே நம் கருத்து. மாற்றுக் கருத்துடைய பெரியோர் ஆகமச் சான்றுடன் எழுதின் வெளியிடச் சித்தமாயுள்ளோம்.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று. இறுதி நாட்களில் குழந்தைக்குப் பசி அடங்கிவிடும். உணவை ஏற்கும் ஆற்றல் உடலுக்கு இராது. வற்புறுத்தி ஊட்டினால் மூச்சுக் குழலில் புகுந்து துன்பம் செய்யும். இது நோயின் இயல்பு. நோன்பும் அன்று, பட்டினியும் அன்று. ‘சோறில்லாமல் போய்விட்டானே’ என்று தாய் வாழ்நாளெல்லாம் நொந்துகொள்ளாதிருக்க, இதனை அவருக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லவேண்டும். உதட்டை ஈரத்துணியால் நனைத்தல், இரண்டு மணிக்கு ஒருமுறை மெல்லப் புரட்டிப் படுக்க வைத்தல், தலைப்பக்கம் உயர்த்துதல், முகத்தருகே விசிறுதல், கையைப் பிடித்துக்கொண்டிருத்தல் போன்றவை அப்போது செய்யத்தக்கன. ஆதரவுச் சிகிச்சை இறப்பை விரைவுபடுத்துவதுமில்லை, வலிந்து தள்ளிப் போடுவதுமில்லை. ஆதலின் அகிம்சை நெறியார் இதில் ஐயுற ஏதுமில்லை.

நம் நாட்டில் நிகழ்ந்துள்ளவை

இந்தியாவின் முதற் காப்பகம் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா ஆசிரமம் என்ற பெயரில் எழுந்தது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய சங்கம் இத்துறையின் போக்கையே மாற்றியது எனலாம். மருத்துவமனைச் சுவருக்குள் நின்ற பணியை அவர்கள் தெருவுக்குக் கொண்டுவந்தனர். ஆசிரியர், கடைக்காரர், மாணவர், இல்லத்தரசியர் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் தத்தம் ஊர் நோயாளர் இல்லங்களுக்குச் சென்றனர். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

தமிழகத்தில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியார் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது யாவரும் அறிந்தது. சென்னை மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா காப்பகம் 1990களிலிருந்து புற்றுநோயாளர்க்குக் கட்டணமின்றிப் பணி செய்து வருகிறது. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் டீன் அறக்கட்டளையினர் குழந்தைகளுக்கான ஆதரவுச் சிகிச்சையில் ஈடுபட்டுள்ளனர். இவையெல்லாம் தலைநகரில். கிராமத்தார்க்கு? 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டில் வந்து மருந்து தருவார்கள் என்பது மட்டுமே பலருக்குத் தெரியும். வீட்டிற்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் அத்திட்டத்தில் உண்டு. கேட்டால்தான் வருவர், கேட்கலாம் என்பதே நம் மக்களுக்குத் தெரியாது. நமக்கும் அன்றுவரை தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் போதும்.

சிகிச்சைக்காகப் பண்ருட்டிக் குடும்பங்கள் பெரும்பாலும் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ செல்கின்றன. மருத்துவம் இலவசமாயினும், பேருந்துக் கட்டணமும், தங்குமிடமும், இழந்த கூலியுமே குடும்பத்தை அழிக்கின்றன. மருத்துவமனை வாயில் நடைபாதையில் வாரக்கணக்கில் படுத்துறங்கும் பெற்றோரை நாம் கண்டுள்ளோம். 2006இல் மும்பையில் தொடங்கப்பெற்ற செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளையும் பெற்றோரையும் கட்டணமின்றித் தங்கவைத்து, அவர்களே சமைத்துண்ண வசதியும் செய்து தருகின்றன. சென்னையிலும் மையம் உண்டு. சமந்தபத்திரர் நால்வகைத் தானத்துள் உறையுள் அளித்தலுக்குச் சான்றாக ஒரு காட்டுப் பன்றியைக் காட்டினார் அன்றோ? முனிவர் தங்கிய குகை வாயிலில் புலியை மறித்து நின்று மடிந்த பன்றி அது. இவ்விடுதிகளைப் பற்றிக் கேள்வியுற்றபோது அப்பன்றியே நினைவுக்கு வந்தது.

வீட்டாரின் தேவை

நோயுற்ற குழந்தைக்குத் தன் நிலை தெரியாது என்று நாம் நம்புகிறோம். அமெரிக்க மானிடவியலார் மைரா புளூபாண்ட்-லாங்னர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடையே பழகி ஆராய்ந்து 1978இல் எழுதிய நூலில், பெரியவர்கள் ஒன்றும் சொல்லாத போதும் அக்குழந்தைகள் தாம் இறக்கப்போவதை அறிந்தேயிருந்தனர் என்று காட்டினார். பெற்றோர் வருந்துவரே என்று அறியாததுபோல் நடந்துகொண்டனராம். பெற்றோரும் அவ்வாறே. ஒரே அறையில் இரு சாராரும் ஒருவர்க்காக ஒருவர் நடிப்பது எத்துணைக் கொடுமை! குழந்தை கேட்டால், கேட்ட அளவிற்கு, அதன் சொல்லிலேயே உண்மை சொல்லலாம். கேட்காததைச் சொல்ல வேண்டா. ‘உன்னைத் தனியே விடமாட்டோம்’ என்பதை மட்டும் கேளாமலே சொல்லலாம்.

உடன்பிறந்த குழந்தைகளை யாரும் கருதுவதில்லை. தம்பியிடம் சினந்த ஒரு நாளை எண்ணி, ‘என்னால்தான் நோய் வந்தது’ என்று உள்ளுக்குள் புழுங்கும் அக்காள்மார் உண்டு. அவர்களைப் பள்ளிக்கு அனுப்புவதும், மாலையில் ஒரு மணி நேரம் வெளியே அழைத்துச் செல்வதும் பெரும் உதவி. தாயின் மரபணுவால் வந்தது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் மாமியார் வீட்டில் மருமகள் படும் பாடு சொல்லுந்தரமன்று. மரபணுவை யாரும் தேர்ந்தெடுத்துப் பெறுவதில்லை. அடுத்த பேற்றுக்கு முன் மரபணு ஆலோசனை பெறுக என்று கூறுவது அறிவுடைமை. பழி கூறுவது அறியாமை.

பார்க்கச் செல்லும் அன்பர்கள் ஆளுக்கொரு வைத்தியரின் பெயரைச் சொல்லித் திரும்ப வேண்டா. அவ்வீட்டில் பொழுதடையுமுன் உண்ணும் வழக்கம் உண்டாயின், நான்கு மணிக்கே சமைத்த உணவைக் கொண்டு செல்க. துணி துவைக்க ஆளில்லையேல் துவைத்துத் தருக. ஓர் இரவு விழித்திருந்து பெற்றோரை உறங்கச் செய்க. ஒன்றும் தோன்றவில்லையேல் பேசாமல் அருகே அமர்க.

ஆண்டுதோறும் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமையை உலக ஆதரவுச் சிகிச்சை நாளாகக் கொண்டாடுகின்றனர். அதற்கு முந்திய வெள்ளி குழந்தைகளுக்கானது. அவ்வாரம் ஜினாலய பூஜைக்குப் பின் கால்மணி நேரம் ஒதுக்கி, அரசு ஆதரவுச் செவிலியர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்யும் சங்கத்தார் எமக்கு எழுதுக.

அச்சிறுவனின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். நாம் சென்ற மூன்றாம் நாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லியதன் பயனாக, ஆதரவுச் செவிலியர் அவ்வீட்டிற்கு வந்தார். மருத்துவரிடம் கலந்து மார்ஃபின் மாத்திரைக்கு வழி செய்தார். தாய்க்கு மணிக் கணக்கைக் கற்றுத் தந்தார். இரண்டாம் இரவு அவன் விடியுமட்டும் உறங்கினானாம். விழித்ததும் பலாச்சுளை கேட்டான். சூடு என்று சொல்லி முன்பெல்லாம் மறுத்துவந்த பாட்டியே சுளையைப் பிய்த்துக் கொட்டை நீக்கி ஊட்டினார். அதன்பின் பதினெட்டு நாட்கள் இருந்தான். அதில் ஒரு பகல் திண்ணையில் அமர்ந்து அக்காளுடன் பல்லாங்குழி ஆடினான்.

நாற்பது நாட்கள் கழித்துச் சென்றோம். அக்காள் பள்ளிக்குச் சென்றிருந்தாள். முன்வாரம் அடுத்த தெருவில் நடந்த வளைகாப்புக்குத் தம்மை மட்டும் அழைக்கவில்லை என்றார் தாயார். அண்டை அயலார் எவரும் மகனின் பெயரை எடுப்பதில்லை, எடுத்தால் தாம் அழுவோம் என்று அஞ்சுகிறார்கள் என்றார். நாம் அவன் பெயரைச் சொல்லி, மூன்றாம் வகுப்பில் அவன் என்ன படித்தான் என்று கேட்டோம். கையிலிருந்த சாம்பலைத் துடைத்துவிட்டு உள்ளே போய், அவனுடைய கணக்கு நோட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு பக்கமாகக் காட்டிப் பேசத் தொடங்கியவர், கடைசிப் பேருந்துக்கு நேரமாகும் வரை நிறுத்தவில்லை.